வசந்தாவுக்குச் சக்கரை வேண்டாம்

உட்காரு கண்ணு. மூணு சேரும் காலியாத்தான் இருக்குது, யாரும் வர்றதுக்கு இல்ல. சாயங்காலம் பொழுதோட இந்த ஓட்டல்ல இடம் புடிக்கறதே பெரும்பாடு, நின்னுட்டு இருந்தீன்னா நின்னுட்டேதான் இருக்கோணும். அந்தப் பைய இந்தச் சேர்ல வெச்சுக்க. அது வசந்தா உட்கார்ற சேரு. பரவால்ல, வெச்சுக்க, இனி யாரு உட்காரப் போறா.

என்ன சொல்லப் போற? பூரியா? இந்த நேரத்துல பூரியா அம்மணி? காலைல ஊத்துன எண்ணெயாத்தான் இருக்கும். ராகி தோசை நல்லாருக்கும் இங்க, சட்னி ரெண்டு வகை வைப்பாங்க. செரி, செரி. உன்ற இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லலை. கல்லத் தின்னாலும் செரிக்கற வயசு. பொன்னுச்சாமி! அம்மணிக்கு ஒரு பூரி. கெழங்கு சூடா இருக்குதானு பார்த்து எடுத்துட்டு வா. எண்ணெய நல்லா வடிய விட்டுட்டு வா.

நானா? நான் காபி சொல்லியிருக்கேன். சாப்பிடறதுக்குனு இப்ப வர்றதில்ல. வியாழக்கெழமை ஆனா காலு தானா இங்க வந்துருது. வீட்டுல உட்கார்ந்து செவுத்தப் பார்க்கறதுக்கு இங்க உட்கார்ந்து நாலு பேரு திங்கறதப் பார்க்கலாம்.

மூணு பேரு நாங்க. நானு, வசந்தாமணி, பிலோமினா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஒட்டுக்கா வேலை பார்த்தவங்க. ட்ரங்க் கால் போர்டுல. உனக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது. மெட்ராசுக்குப் பேசோணும்னா எங்கிட்டச் சொல்லி பதிவு பண்ணிட்டு, எப்ப லைன் கெடைக்கும்னு போனுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கோணும். மூணு நிமிஷம் ஆச்சுன்னா நடுவுல நாங்க பூந்து, "மூணு நிமிஷம் முடிஞ்சுதுங்க, நீட்டிக்கறீங்களா"னு கேப்போம். யாரு அழுதுட்டு இருந்தாலும் கேக்கோணும். அதான் வேலை.

அந்த வேலைல போர்டை விட்டு ஒட்டுக்கா எந்திரிக்க முடியாது. ஒருத்தி சாப்பிடப் போனா இன்னொருத்தி அவ லைனையும் சேர்த்துப் பார்த்துக்கோணும். அவ வந்து உட்கார்ந்தப்புறம் அடுத்தவ போகோணும். சர்வீஸ் முழுக்க நாங்க மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்ல. நம்புவியா? வசந்தா என்ன கொழம்பு கொண்டு வந்தானு வாசனைய வெச்சுத்தான் எனக்குத் தெரியும். அதுனால ரிட்டயர் ஆனப்ப ஒரே ஒரு ஆசைதான். வாரத்துல ஒரு நாளு, மூணு பேரும் ஒரே மேசைல, எந்த மணியும் அடிக்காம உட்கார்ந்து சாப்பிடோணும். ஞாயித்துக்கெழமை பிலோமினாவுக்கு சர்ச்சு. வெள்ளிக்கெழமை வசந்தாவுக்குக் கோயிலு. அதான் வியாழன்.

பெரிய ஓட்டலுக்கெல்லாம் போக மாட்டோம். அங்க ஏசிய போட்டு கால் வெறைச்சுப் போகும், மெல்லமாப் பேசோணும். இந்த மாதிரி எடந்தான். கணபதிப் பக்கம் ஒரு சந்தகைக் கடை, இடியாப்பமாட்டம் புழிஞ்சு தேங்காப்பாலு ஊத்திக் குடுப்பாங்க. காந்திபுரத்துல சந்துக்குள்ள ஒரு மெஸ்ஸு, அரிசிம்பருப்பு சாதம் வாங்கிட்டா ஒரு கரண்டி நெய்யக் கணக்குப் பார்க்காம ஊத்துவாங்க. ஒரு நாளு வண்டிக் கடைல நின்னுட்டே காளான் சாப்பிட்டோம், மூணு கெழவிக. பிலோமினா வெள்ளைச் சேலைல கொட்டிக்கிட்டா.

எங்களுக்குள்ள ஒரு பழக்கம். மூணு பேரும் மூணு வகை சொல்லுவோம், எல்லாத்தையும் மேசைக்கு நடுவுல வெச்சுருவோம். தனித் தட்டுங்கறதெல்லாம் கெடையாது. யாரு வேணா எதுல வேணா கை வைக்கலாம். பங்கு வெக்கறது நானு. எனக்குத்தான் கை அளவு நல்லாருக்கும்னு அவங்களே சொல்லுவாங்க. போண்டாவப் பிச்சு மூணாக் குடுத்தா அச்சுல எடுத்த மாதிரி இருக்கும்.

வந்துருச்சு பாரு பூரி. சாப்பிடு. பொறு, முதல்ல அந்தப் பேப்பர்ல ஒத்தி எடு. ஆமா, ரெண்டு பக்கமும்.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்புறம் வசந்தாவுக்குச் சக்கரைனு சொல்லிட்டாங்க. கண்ணு மங்குதுனு டாக்டர்கிட்டப் போனா, டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு சக்கரைனு சொல்லிட்டாங்க. அவ ஒண்ணும் பெருசா எடுத்துக்கலை. "வயசானா வர்றதுதானே சாரதா, மாத்திரை குடுத்திருக்காங்க, அளவாச் சாப்பிட்டாப் போதுமாம்"னு சிரிச்சா. நான் சிரிக்கலை.

ஏன்னா எனக்கு அந்தச் சக்கரையத் தெரியும் கண்ணு. என்ற வீட்டுக்காரருக்கு அதுதான். பாக்கெட்டுல கடலமிட்டாய வெச்சுட்டு திரிவாரு. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன், ஆம்பளைய எத்தனைதான் அதட்டறது. முதல்ல ஒரு கால்வெரல எடுத்தாங்க. அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலு. ஆஸ்பத்திரி வராண்டால உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு அந்த பினாயில் வாசனையே ஒரு சீக்கு மாதிரி ஆயிருச்சு. அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு. இன்னொருக்கா அந்த வராண்டால உட்கார எனக்குத் தெம்பு இல்ல. அதுவும் வசந்தாவுக்காக உட்கார என்னால ஆகவே ஆகாது.

அதுனால பார்த்துக்கிட்டேன். வேற யாரு பார்ப்பா? அவ பையன் அமெரிக்கால. மகளைக் கட்டிக் குடுக்கறதுக்கு அப்பத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. வாரம் முழுக்க அவ என்ன திங்கறானு எனக்குத் தெரியாது, ஆனா வியாழக்கெழமை என்ற கண்ணு முன்னாடி உட்கார்றா. அன்னிக்கு ஒரு நாளாவது ஒழுங்காத் திங்கட்டும்னு நெனச்சேன். பங்கு வெக்கறது நான்தான? நெய் ரோஸ்ட்டு எனக்கும் பிலோமினாவுக்கும். அவளுக்கு இட்லி. கேசரி வந்தா அவ பக்கம் போகாம எடுத்து இந்தப் பக்கம் வெச்சுருவேன். அவ கை மெதுவா வரும் பாரு, பேசிட்டே வரும், யாரும் பார்க்கலைனு நெனச்சுட்டு. டப்புனு கிண்ணத்த நகர்த்திருவேன். பிலோமினா சிரிப்பா. "வசந்தா, உன்ற மூணு நிமிஷம் முடிஞ்சுதுடி, சாரதா கட் பண்ணிட்டா"ம்பா. வசந்தாவும் சிரிப்பா. சிரிச்சாதான், நான் பொய் சொல்லலை.

காபிக்கும் சொல்லி வெச்சுட்டேன். இந்தப் பொன்னுச்சாமிகிட்டயேதான். "அந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுக்குச் சக்கரை வேண்டாம், அவங்களே கேட்டாலும் குடுக்காத." அவன் தங்கமான ஆளு. அன்னிக்கிருந்து நாங்க உள்ள வந்தா ஓட்டல் முழுக்கக் கேக்கற மாதிரி, "சுகரம்மா வந்துட்டாங்க, ஒரு காபி சக்கரை இல்லாம"னு கொரல் குடுப்பான். பேரே ஆயிருச்சு. எத்தனை பிரியமாக் கூப்பிடறான் பாருனு நான் வசந்தாகிட்டச் சொன்னேன். அவ மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டே இருந்தா. நான் சொன்னது காதுல விழுகலை போல இருக்குது.

அப்புறம் வசந்தா, "இந்த ஓட்டல் சலிச்சுப் போச்சு, வேற எங்கயாவது போலாம்"னா. செரினு பீளமேட்டுல ஒரு எடம் போனோம். அவளுக்கே தெரியாம நான் முன்னாலயே அங்க போன் பண்ணிச் சொல்லிட்டேன். நம்பர் புடிக்கறது எனக்கு என்ன பெரிய கஷ்டம்? அதுதான் தொழிலு. "ஏனுங்க, பொழுதோட மூணு லேடீஸ் வருவோம். நடுவுல இருக்கறவங்களுக்கு மட்டும் சக்கரை, ஸ்வீட்டு, நெய்யி எதுவும் வைக்காதீங்க." அவங்களும் மரியாதையாக் கேட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் சிங்காநல்லூர்ல ஒண்ணு, அப்புறம் வடவள்ளில ஒண்ணு. அவ எடத்த மாத்த மாத்த நானும் போன் பண்ணிட்டே இருந்தேன். அலுப்புத்தான். எனக்கென்ன வேலையா வெட்டியா, ஒருத்தருக்காகப் பண்றோம்னா பண்ணோணும்.

ஏங் கண்ணு, கெழங்கு எடுத்துக்கலையா? ரெண்டாவது பூரிக்கு வேணுமல்ல. சொல்லட்டுமா? வேண்டாமா? செரி.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். வசந்தா மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெரிய குடும்பம், ஈரோட்டுப் பக்கம். அவங்களை ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஓட்டலுக்கு விருந்துக்குக் கூப்பிட்டிருந்தா. அவளுக்கு ஒரே சந்தோசம். ரெண்டு வாரமா அதே பேச்சு. எந்த ஓட்டலு, எந்தச் சேலை, எத்தனை வகைப் பலகாரம், எல்லாம் எங்கிட்டச் சொன்னா. "முதல்ல ஒரு பாதாம் அல்வா வைக்கச் சொல்லியிருக்கேன் சாரதா"னு கண்ணு மின்னச் சொன்னா.

அல்வா. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் புடிக்கலை. சம்பந்தி முன்னாடி வேண்டாம்னு சொல்ல அவளுக்கு வாய் வராது. மரியாதைக்குத் திம்பா. திங்கத் திங்க இன்னொரு கரண்டி வைப்பாங்க. அங்க பார்த்துக்கறதுக்கு நானும் இல்ல. அதுனால அந்த ஓட்டலுக்குப் போன் பண்ணுனேன். "ஞாயித்துக்கெழமை ஒரு குடும்பம் வருது, பதினஞ்சு பேரு இருப்பாங்க, அதுல ஒரு அம்மாவுக்குச் சக்கரை வியாதி, பேரு வசந்தாமணி, ஸ்வீட்டு மட்டும் வெச்சுராதீங்க." அவ்வளவுதான் சொன்னேன். இதுல என்ன தப்பு?

அந்த சப்ளையர் என்ன பண்ணிட்டான்னா, அல்வாத் தட்டைக் கைல வெச்சுட்டு, இலை முன்னாடி எல்லாரும் உட்கார்ந்திருக்கறப்ப, "இங்க சுகர் பேஷண்ட் வசந்தாமணி யாருங்க"னு சத்தமாக் கேட்டிருக்கான். மகதான் அம்மா பக்கம் கையக் காட்டியிருக்கா. அவன் வசந்தா இலையத் தாண்டி அடுத்த இலைக்குப் போயிட்டான். அவ குடுக்கற விருந்துல அவ இலை மட்டும் வெறுமையா இருந்துச்சாம். சம்பந்தியம்மா, "ஏனுங்க, உங்களுக்குச் சக்கரையா? எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே"னு கேட்டிருக்காங்க. சொல்லாம மறைச்சு வெச்சிருக்கா பாரு! அது எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா மெல்லமாக் கேக்கச் சொல்லியிருப்பேன்.

இதெல்லாம் பிலோமினா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அவகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? "எத்தனை பொறுப்பான ஓட்டல் பார்த்தியா, போன்ல சொன்னத ஞாபகம் வெச்சிருந்திருக்காங்க"ன்னேன். அவ என்னையே பார்த்துட்டு இருந்தா. "சாரதா, நீ அவளைச் சாப்பிடவே விட மாட்டேங்கற"ன்னா. பிலோமினா அப்பிடித்தான், எதுக்கெடுத்தாலும் வெளையாட்டுப் பேச்சு.

வசந்தாவுக்கு நானே போன் பண்ணுனேன். சண்டை போடுவானு நெனச்சேன். போட்டிருந்தாத் தேவலாம். "நல்லதுக்குத்தான் பண்ணுன சாரதா, எனக்குத் தெரியும். வெச்சர்றேன்." வெச்சுட்டா. அத்தனை வருசத்துல அவ என்ற லைனைக் கட் பண்ணுனது அதுதான் முதல் தடவை.

அடுத்த வியாழக்கெழமை முட்டி வலின்னா. அதுக்கடுத்த வியாழன் மக வந்திருக்கான்னா. நான் மறுபடி இந்த ஓட்டலுக்கே வர ஆரம்பிச்சேன். பிலோமினா மட்டும் வருவா, கொஞ்ச நேரம் உட்காருவா, ஒரு காபியக் குடிச்சுட்டு பஸ்ஸப் புடிக்கோணும்னு கெளம்பிருவா. அப்புறம் அவளும், சர்ச்சுல வியாழக்கெழமை புதுசா ஏதோ ஜெபக் கூட்டம் வெச்சிருக்காங்கன்னா. செரின்னேன். சாமி விசயத்துல நாம குறுக்க போகக் கூடாது. நான் மட்டும் வந்துட்டு இருந்தேன். மூணு பேரு உட்கார்ந்த மேசைல ஒருத்தியா உட்கார்ந்தா பொன்னுச்சாமிக்கே சங்கடமா இருக்குது. முதல்லயெல்லாம் "சுகரம்மா வரலீங்களா"னு கேப்பான். இப்பக் கேக்கறதில்ல.

மனசு கெடந்து அடிச்சுக்கும். தனியா என்ன திங்கறாளோ, யாரு பார்க்கறாங்களோனு வெசனம். அவ வந்து உட்கார்ந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னு இருந்துச்சு. அப்பிடியே சொல்லிட்டா வெக்கமாப் போயிரும்னு போன் பண்ணி, "மாத்திரை போட்டியா"னு கேப்பேன். "போட்டேன்"ம்பா. அவ்வளவுதான் பேச்சு.

போன வியாழக்கெழமை கண் டாக்டரப் பார்த்துட்டு ரத்தினபுரி பக்கம் பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன். எதுத்தாப்புல சின்னதா ஒரு டிபன் கடை. நாலு மேசை போட்டா அடைஞ்சு போற எடம். வாசப் பக்கத்து மேசைல வசந்தா. அவளுக்கு எதுக்க பிலோமினா.

ஜெபக் கூட்டம் அங்கதான் நடக்குது போல இருக்குது.

வசந்தா என்னமோ சொல்லுறா, பிலோமினா மேசையத் தட்டித் தட்டிச் சிரிக்கறா. வசந்தாவும் சிரிக்கறா. வாயத் தொறந்து, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒரு சிரிப்பு. அவ அப்பிடிச் சிரிச்சுப் பார்த்து எத்தனை நாளாச்சுனு எனக்கே தெரியலை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டு நானும் லேசாச் சிரிச்சிருக்கேன் கண்ணு, பக்கத்துல நின்னவங்க திரும்பிப் பார்த்தாங்க.

ரோட்டத் தாண்டிப் போனேன். சண்டை போடறதுக்கில்ல, சத்தியமா இல்ல. "ஏண்டி, என்னைய விட்டுட்டு வந்துட்டீங்களா"னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, பக்கத்துல உட்கார்ந்து நானும் ஒரு காபி சொல்லிக்கலாம்னுதான். உள்ள காலு வெச்சதும் பிலோமினா பார்த்துட்டா. அவ மூஞ்சி மாறுனதைப் பார்த்து வசந்தா திரும்புனா. என்னையப் பார்த்தா. பார்த்த வேகத்துல எடது கையால தட்டை மூடுனா.

இப்பிடி. வெரல அகலமா விரிச்சு.

வெரலுக்கு நடுவுல எனக்குத் தெரியுது. இட்லி. ரெண்டே ரெண்டு இட்லி, ஓரத்துல கொஞ்சம் சட்னி. கேசரி இல்ல, நெய் ரோஸ்ட்டு இல்ல. நான் கூட இல்லாமயே அவ அளவாத்தான் தின்னுட்டு இருந்திருக்கா. அப்புறம் எதுக்கு மூடோணும்? நான் என்ன புடுங்கிட்டா போயிருவேன்?

"வா சாரதா, உட்காரு"னு பிலோமினா ஒரு சேரை இழுத்துப் போட்டா. வசந்தா தட்டு மேல இருந்து கைய எடுக்கலை. "இல்ல, பஸ் வந்துருச்சு"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பஸ் ஒண்ணும் வரலை. அழுகைதான் வந்துச்சு, முந்தானையால மூஞ்சியப் பொத்திட்டு நின்னேன்.

அந்தக் கை எனக்குப் புதுசில்ல கண்ணு. அதுதான் வீடு வந்தும் என்னையத் தூங்க விடலை. நான் கல்யாணமாகி வந்த புதுசுல எங்க மாமியார் சமையக்கட்டுப் பக்கம் வந்தாங்கன்னா, நானும் அப்பிடித்தான் தட்டை மூடுவேன். திருட்டுச் சோறா அது? இல்ல. என்ற பங்குதான், எல்லாரும் தின்னு மிச்சமானது. அவங்க ஒரு வார்த்தை வஞ்சதுகூட இல்ல. சும்மா கதவு நெலையில சாஞ்சு நின்னு பார்ப்பாங்க. எத்தனை எடுத்துப் போட்டிருக்கேன், எந்தக் கிண்ணத்துல கைய வெக்கறேன்னு பார்ப்பாங்க. பார்த்துட்டு நிக்கறப்ப ஒரு வாய் உள்ள எறங்காது. பாதித் தட்டோட எந்திரிச்சுருவேன்.

நான் என்ன அவளுக்கு மாமியாரா? நீயே சொல்லு அம்மணி. கூடப் பொறந்தவளுக்கும் மேல வெச்சிருந்தேன். அவ காலு நல்லா இருக்கோணும்னுதான நான் பார்த்துட்டு இருந்தேன். அவளையேதான் பார்த்துட்டு இருந்தேன்.

ஏங் கண்ணு, பாதிப் பூரிய அப்பிடியே வெச்சுட்ட? ஆறிப் போச்சா? எண்ணெய்யினு சொன்னதுங்காட்டியா? அது சும்மா சொன்னேன், நீ தின்னு. இல்ல, நான் உன்ற வாயையும் கையையும் பார்த்துட்டே இருக்கறேனா?

செரி. நான் இப்பிடி ரோட்டப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துக்கறேன். நீ சாப்பிடு.